முடிவு யாருடையது? ஆங்கிலக் கடிதத்திலும் பேச்சிலும் அதைக் கண்டுபிடிப்பது எப்படி

எனக்கு இருபத்து மூன்று வயதில் வெளிநாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். கடிதத்தின் நடுவில் "யூ மே விஷ் டு சென்ட் அ ஃபேர்தர் ஸ்டேட்மென்ட்" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு திகதி. அகராதியைப் புரட்டி, "விரும்பினால் இன்னொரு விளக்கம் அனுப்பலாம்" என்று விளங்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டேனே என்று பேசாமல் இருந்துவிட்டேன். உதவித்தொகை கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து, ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வரி எனக்கு உண்மையில் விளங்கியது. அலுவலகக் கடிதத்தில் திகதியோடு "மே விஷ் டு" வந்தால், "இதுவரை தந்தது போதாது, இந்தத் திகதிக்குள் அனுப்பிவிடுங்கள்" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவை என் கையில் தருவதுபோல மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். விசாக் கடிதம், கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்), வங்கிப் படிவம், பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்கிறோம். அவர் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லிவிடுவார். ஆனால் "இதில் முடிவெடுக்கிறது ஆர்?" என்ற கேள்வி அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாம் படி: "லாம்" என்று மொழிபெயர்ப்பதை நிறுத்துங்கள்

நம்முடைய சிக்கல் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, தமிழில்தான் தொடங்குகிறது. "நாளைக்குக் கச்சேரிக்குப் போகலாம்" என்று, அரச அலுவலகத்தைக் குறித்து, ஒருவர் சொன்னால் என்ன பொருள்? சேர்ந்து போவோம் என்று அழைக்கிறாரா? போவதற்கு அனுமதி தருகிறாரா? நாளைக்குக் கச்சேரி திறந்திருக்கும், போக முடியும் என்று தகவல் சொல்கிறாரா? அல்லது "அவர் நாளைக்குப் போகலாம், சரியாகத் தெரியாது" என்பதுபோல ஊகமா? நாலும் "லாம்"தான். ஆளின் முகத்தையும் குரலையும் வைத்துச் சரியான பொருளைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஆங்கிலம் இந்த நாலையும் பிரித்து வைத்திருக்கிறது. சேர்ந்து போக "லெட்ஸ்", அனுமதிக்கு "மே" அல்லது "கேன்", இயலுமைக்குக் "கேன்", ஊகத்துக்கு "மே" அல்லது "மைட்". நாமோ எல்லாவற்றையும் "லாம்" என்று திருப்பிவிடுகிறோம். அப்படித் திருப்பும்போது முடிவு யாருடையது என்ற செய்தி விழுந்துபோகிறது.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "தேத்தண்ணி போடட்டுமா?" என்று கேட்கும்போது முடிவை எதிரே இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் "ஷல் ஐ". "ஷல் ஐ மேக் டீ?" என்றால் "போடட்டுமா". "வில் யூ மேக் டீ?" என்றால் வேலை அவருடையது, வேண்டுகோள் நம்முடையது. "ட்டுமா" என்று மனத்தில் வருகிற இடத்தில் எல்லாம் "ஷல் ஐ" போட்டுப் பழகுங்கள். என் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இரண்டாம் படி: "மே"க்கு முன்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள்

ஒரு பென்சிலை எடுத்து, கடிதத்தில் வரும் ஒவ்வொரு "மே"க்கும் கீழே கோடு போடுங்கள். பிறகு அதற்கு முன்னால் இருக்கும் பெயரைப் பாருங்கள்.

"யூ மே அப்பீல்" என்றால் முன்னால் நீங்கள். மேன்முறையீடு செய்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. "த ஒஃபிசர் மே ரிக்குவெஸ்ட் டொகியுமென்ட்ஸ்" என்றால் முன்னால் அலுவலர். கேட்கலாமா வேண்டாமா என்பது அவருடைய முடிவு; அவர் கேட்கவில்லை என்று நீங்கள் பிறகு குறை சொல்ல முடியாது. "ஃபீஸ் மே பி சேஞ்ச்ட்" என்றால் முன்னால் நிற்பது கட்டணம். கட்டணம் தானாக மாறுவதில்லை, யாரோ மாற்றுகிறார். அந்த யாரோவை வாக்கியம் மறைத்துவிட்டது. இப்படி உயிரற்ற பொருள் ஒன்று முன்னால் நின்று பின்னால் "மே பி" வந்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். நாலாம் படியில் அதற்குத் திரும்பி வருவோம்.

மூன்றாம் படி: "ஷல்" வந்தால் அலுவலரின் கை கட்டப்படுகிறது, பெரும்பாலும்

சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் "ஷல்" என்றால் செய்தே ஆக வேண்டும். நமது நாட்டின் 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குடிமகன் ஒவ்வொருவருக்கும் தகவலைப் பெறும் உரிமை "ஷல் ஹேவ்" என்று எழுதியிருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும் என்பதும் "ஷல்"தான். பிரதேச செயலகத்தில் யாராவது "பாப்பம் தம்பி, பிறகு வாங்கோ" என்றால், பார்ப்பதா விடுவதா என்பது அவர் விருப்பம் இல்லை என்பதை அந்த ஒரு சொல் உங்களுக்குச் சொல்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த சட்டம். வெறும் கையோடு போகிறவனுக்கும் அதில் ஒரு பிடி இருக்கிறது.

ஆனால் "ஷல்" என்ற எழுத்தைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். "இட் ஷல் பி லோஃபுல் ஃபோர் த பிஷப்" என்று இங்கிலாந்தின் பழைய சட்டம் ஒன்றில் இருந்தது. ஆயர் விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று ஒருவர் வழக்குப் போட்டார். 1880 இல், அந்நாளில் அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு வேறு: அந்தச் சொற்கள் "செய்வது சட்டப்படி சரி" என்ற அதிகாரத்தைத்தான் கொடுக்கின்றன, கடமையைச் சுமத்தவில்லை, நடத்துவதா இல்லையா என்பது ஆயரின் முடிவு. ஆகவே "ஷல்" என்பதற்குப் பின்னால் வரும் வினையையும் சேர்த்துப் படியுங்கள். "ஷல் இஷ்யூ" கடமை. "ஷல் பி என்டைட்டில்ட் டு" உரிமை. பயன்படுத்துவதா விடுவதா என்பது உரிமைக்காரர் பாடு. "ஷல் பி லோஃபுல்" வெறும் அதிகாரம்.

"மஸ்ட்" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கட்டாயம். "ஷுட்" அறிவுரை, ஆனால் வேலை தருகிறவர் சொன்னால் கட்டளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் படி: மறைந்திருக்கும் ஆளை வெளியே இழுங்கள்

"இட் ஹாஸ் பீன் டிசைடட்." தமிழிலும் நமக்கு இது பழக்கம்தான்: "தீர்மானிக்கப்பட்டுள்ளது" என்று சுற்றறிக்கையில் வரும். யார் தீர்மானித்தார்? வாக்கியம் சொல்லாது. முதலில் "பை" என்ற சொல்லைத் தேடுங்கள். "டிசைடட் பை த போர்ட்" என்று வந்தால் ஆள் அகப்பட்டார். "பை" இல்லாவிட்டால் கடிதத்தின் அடியில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள், "ஃபோர்" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். "ஃபோர் டிரெக்டர்" என்று போட்டு ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், அவர் கடிதத்தை அனுப்பியவர். கடிதம் போனது பணிப்பாளரின் பெயரில். உங்கள் முறைப்பாட்டை யாருக்கு முகவரியிடுவது என்பது இதில் தங்கியிருக்கிறது.

இன்னொரு மறைவிடம், சட்டம் எழுதும்போது எந்த மொழிப் பிரதி வெல்லும் என்ற இடம். இலங்கைச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்களப் பிரதிக்கும் தமிழ்ப் பிரதிக்கும் இணக்கமின்மை இருந்தால் சிங்களப் பிரதி மேலோங்கும் என்று இருக்கும். ஆங்கிலத்தில் "ஷல் பிரிவெய்ல்". வெளிநாட்டு ஒப்பந்தங்களில் அதே இடத்தில் ஆங்கிலப் பிரதி மேலோங்கும் என்று எழுதுவார்கள். முடிவெடுப்பது சில நேரம் ஒரு ஆளாக இருப்பதில்லை, ஒரு தாளாக இருக்கிறது.

ஐந்தாம் படி: "சட்டிஸ்ஃபைட்" என்ற சொல்லில் நின்று நிதானியுங்கள்

நம் ஊரில் அதிகம் கண்ணீர் வரவழைத்த ஆங்கிலச் சொல் இதுவாகத்தான் இருக்கும். விசா மறுப்புக் கடிதத்தில் "ஐ ஆம் நொட் சட்டிஸ்ஃபைட்" என்று வரும். படித்துச் சொல்பவர் "அவருக்குத் திருப்தி இல்லையாம்" என்கிறார். அம்மா உடனே கேட்பார்: "ஏன் மோனே, நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள்?"

சாப்பாட்டில் வரும் திருப்திக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. சட்ட ஆங்கிலத்தில் "சட்டிஸ்ஃபைட்" என்றால், நீங்கள் வைத்த ஆதாரம் முடிவெடுப்பவரை நம்பச் செய்தது என்று பொருள். கனடாவின் 2001 ஆம் ஆண்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்: பரிசீலனைக்குப் பிறகு, விண்ணப்பதாரர் அனுமதிக்கத் தகாதவர் அல்ல, சட்டத்தின் தேவைகளைப் பூர்த்தி செய்கிறார் என்று அலுவலர் "இஸ் சட்டிஸ்ஃபைட்" என்றால் விசா "மே பி இஷ்யூட்". முடிவு அலுவலரின் மனத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளில் 179 ஆவது, தற்காலிக விசாவைப் பற்றியது, வேறு விதமாகப் பேசுகிறது: தங்க அனுமதித்த காலம் முடியுமுன் இவர் நாட்டைவிட்டுப் போவார் என்பது உட்பட இன்னின்ன விடயங்கள் "இட் இஸ் எஸ்டாப்ளிஷ்ட்", அதாவது நிறுவப்பட்டால், அலுவலர் விசாவை "ஷல் இஷ்யூ". நிறுவப்பட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நிறுவப்பட்டதா என்று பார்ப்பதும் அதே அலுவலர்தான். ஆனாலும் நிறுவ வேண்டிய பாரம் யாருடையது என்பது அந்தச் சொல்லில் தெளிவாகிறது: உங்களுடையது.

இதனால் என்ன பயன்? மறுப்புக் கடிதத்தில் "நொட் சட்டிஸ்ஃபைட் தட்" என்பதற்குப் பிறகு வரும் வரியை அப்படியே எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அவர் எதை நம்பவில்லை என்பது அங்கேதான் இருக்கிறது. திரும்பி வருவீர்கள் என்பதை நம்பவில்லை என்றால், இன்னும் ஐந்து இலட்சம் வங்கியில் போட்டுக் காட்டுவது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. பிள்ளைகள் இங்கே படிப்பது, வேலையில் எடுத்த விடுமுறைக் கடிதம், காணி உறுதி போன்ற, ஊரோடு உங்களைக் கட்டிவைக்கும் ஆதாரங்கள் வேண்டும். அதே பழைய ஆவணங்களையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பணத்தைக் கரைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தின் பெறுமதி எனக்குத் தெரிவதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இதன் உறவுக்காரச் சொற்கள்: "இன் ஹிஸ் ஒப்பினியன்", "டீம்ஸ் ஃபிட்", "அட் இட்ஸ் சோல் டிஸ்கிரெஷன்". எல்லாவற்றுக்கும் நம்முடைய சட்டத் தமிழில் அழகான ஒரு சொல் இருக்கிறது, தற்றுணிபு. தானே துணிந்து எடுக்கும் முடிவு. "ரிசேர்வ்ஸ் த ரைட்" என்று நிறுவனங்கள் எழுதுவதும் இதுதான்: இன்றைக்குச் செய்யவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் செய்யும் உரிமையை எடுத்து வைத்திருக்கிறோம் என்பது.

ஆறாம் படி: கேட்பவர், சொல்பவர், தடுப்பவர் யார் என்று ஏணியில் வையுங்கள்

ஒரு முடிவில் பலர் கை வைக்கும்போது ஆங்கிலம் ஒவ்வொருவர் கைக்கும் எவ்வளவு பலம் என்று ஒரு சொல்லால் காட்டுகிறது. கீழிருந்து மேலே வைத்தால் இப்படி வரும். "இன் கொன்சல்டேஷன் வித்": கேட்டால் போதும், கேட்டபடி செய்யத் தேவையில்லை. "ஒன் த ரெக்கமென்டேஷன் ஒஃப்": அவர் விதப்புரை இல்லாமல் விடயம் நகராது, விதந்தபின் ஏற்பதா என்பது அந்தச் சட்டத்தின் மற்ற வரிகளைப் பொறுத்தது. "சப்ஜெக்ட் டு த அப்ரூவல் ஒஃப்": முடிவெடுக்கிறவர் ஒருவர், அதைத் தடுக்கக்கூடியவர் இன்னொருவர். "வித் த கொன்கரன்ஸ் ஒஃப்", "வித் த கன்சென்ட் ஒஃப்": இருவரும் ஒத்துவந்தால்தான் காரியம்.

"ஒன் த அட்வைஸ் ஒஃப்" மட்டும் இந்த ஏணியில் ஒரு பொறி. ஆலோசனை என்றவுடன் கேட்டும் விடலாம், கேட்காமலும் விடலாம் என்று நினைப்போம். அரசியலமைப்பு ஆங்கிலத்தில் வழமையாக நேர்மாறு. நம் வடமாகாண சபையையே எடுத்துக்கொள்வோம். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் 154எஃப் உறுப்புரை, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட அமைச்சர் வாரியம் ஆளுநருக்கு "எய்ட் அண்ட் அட்வைஸ்" செய்யும் என்கிறது. ஆளுநர் அந்த ஆலோசனைக்கு அமைய "ஷல் அக்ட்" என்கிறது. இதுவரை படித்தால் முடிவு மக்கள் தெரிந்தெடுத்த அமைச்சர்களுடையது. பிறகு "எக்செப்ட்" என்று ஒரு சொல் வருகிறது: ஆளுநர் தன் தற்றுணிபின்படி செய்ய வேண்டியவை தவிர. எது தற்றுணிபுக்குள் வரும் என்று கேள்வி எழுந்தால்? அதையும் ஆளுநரே தன் தற்றுணிபின்படி தீர்மானிப்பார், அந்த முடிவு "ஷல் பி ஃபைனல்". அந்தத் தற்றுணிபையும் ஜனாதிபதியின் பணிப்பின்படியே பயன்படுத்த வேண்டும்.

இந்த உறுப்புரையை ஒருமுறையாவது மெதுவாகப் படித்துப் பாருங்கள் என்று எல்லா மாணவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாக்கியம் கொடுத்ததை "எக்செப்ட்" எப்படித் திருப்பி எடுக்கிறது, முடிவு யாருடையது என்று முடிவெடுப்பது யார் என்பது எப்படித் தனி அதிகாரமாகிறது, இரண்டும் அங்கே இருக்கின்றன. 2013 செப்டெம்பரில் நாம் வரிசையில் நின்று வாக்களித்த சபையின் உயிர்நாடியாக இருந்தவை இந்த வரிகள். எந்த ஆங்கில ஆவணத்திலும் "எக்செப்ட்" (தவிர), "அன்லெஸ்" (இல்லாவிட்டால்), "புரொவைடட் தட்" (என்ற நிபந்தனையோடு), "நொட்வித்ஸ்டாண்டிங்" (அது எப்படி இருந்தாலும்) என்ற நாலு சொற்களைத் தேடி வட்டம் போடுங்கள். முன்னால் கொடுத்த முடிவு பின்னால் கைமாறுவது இந்த இடங்களில்தான்.

ஏழாம் படி: காணியும் அற்றோணித் தத்துவமும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707 அளவில் ஒல்லாந்த அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அதன்மேல் பின்னாளில் வந்த 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க, யாழ்ப்பாணத்துக்கான திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் தனி ஆதனத்தை, அதாவது சொத்தை, பற்றிப் பேசுகிறது. அந்த ஆங்கில வாக்கியம் நம் பாடத்துக்கு அச்சொட்டான உதாரணம். ஆதனத்தைக் கையாள அவளுக்கு "ஃபுல் பவர்" இருக்கிறது என்று தொடங்கி, அசையும் ஆதனமென்றால் கணவனின் சம்மதம் இல்லாமலும், அசைவற்ற ஆதனமென்றால் அவனுடைய எழுத்துமூலச் சம்மதத்தோடும், "பட் நொட் அதர்வைஸ்" (வேறு விதமாக அல்ல) என்று போகிறது. மரண சாசனம் எழுதச் சம்மதம் தேவையில்லை. கடைசியில் "அஸ் இஃப் ஷீ வேர் அன்மரீட்", அவள் மணமாகாதவள்போல, என்று முடிகிறது. "முழு அதிகாரம்" என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் "பட் நொட் அதர்வைஸ்" என்ற மூன்று சொல் காணியை விற்கும் முடிவில் பாதியைக் கணவன் கையில் வைத்துவிட்டது. நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். அதாவது தடுப்பவருக்கும் மேலே ஒருவர். இந்த ஏற்பாடு இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தாது என்பதுதான் என் கருத்து. ஆனால் காணி உறுதி எழுதப் போகும் பெண் இந்த வாக்கியத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பங்குக் காணி விற்கும்போது வரும் முன்வாங்கும் உரிமையை ஆங்கிலத்தில் "ரைட் ஒஃப் ஃபேர்ஸ்ட் ரிஃபியூசல்" என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டால் மறுக்கும் உரிமைபோல் இருக்கிறது. உண்மையில், வெளியாருக்கு விற்பதற்கு முன் "உங்களுக்கு வேண்டுமா?" என்று முதலில் கேட்கப்படும் உரிமை. வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகே மற்றவரிடம் போகலாம். விற்பனையையே நிறுத்தும் அதிகாரம் அதில் இல்லை. "வீட்டோ" என்பதுதான் நிறுத்தும் அதிகாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பங்காளிகளோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

அற்றோணித் தத்துவம் வெளிநாட்டிலிருந்து வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, "ஜெனரல்" (பொதுவான அதிகாரம்) என்றா "ஸ்பெஷல்" (குறித்த காரியத்துக்கு மட்டும்) என்றா இருக்கிறது. இரண்டு, "டு செல்" என்ற சொல் இருக்கிறதா. பராமரிக்கவும் குத்தகைக்கு விடவும் மட்டும் தந்திருந்தால் விற்கும் முடிவு இன்னும் அண்ணனுடையதுதான். மூன்று, இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தால் "ஜொயின்ட்லி"யா, "ஜொயின்ட்லி அண்ட் செவரலி"யா. வெறும் "ஜொயின்ட்லி" என்றால் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். "செவரலி" சேர்ந்தால் ஒருவர் தனியாகவும் போடலாம். வங்கிக் கணக்கில் "எய்தர்" என்பதும் "போத்" என்பதும் இதே வேறுபாடு.

இங்கிலாந்துக்குப் பிள்ளைகளிடம் போயிருக்கும் பெற்றோர் பற்றியும் ஒரு சொல். ஆஸ்பத்திரிப் படிவத்தில் "நெக்ஸ்ட் ஒஃப் கின்" (நெருங்கிய உறவினர்) என்று மகனின் பெயர் எழுதினால், அம்மாவின் சிகிச்சையை மகன் தீர்மானிக்கலாம் என்று நினைக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சொல்லுக்கு அப்படி அதிகாரம் கிடையாது. வைத்தியர்கள் அவரோடு பேசுவார்கள், கேட்பார்கள், அவ்வளவுதான். தீர்மானிக்கும் அதிகாரம் வேண்டுமென்றால் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அம்மா தெளிவோடு இருக்கும்போதே "லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டோர்னி" எழுதி வைக்க வேண்டும். சுகநலத்துக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று அது இரண்டு வகை.

எட்டாம் படி: பேச்சு

தாளை விட்டு வாய்க்கு வருவோம். "இட்ஸ் அப் டு யூ" என்றால் உங்கள் விருப்பம். "இட்ஸ் யுவர் கோல்" என்பதும் அதே. நாங்கள் எடுக்கும் ரெலிபோன் கோல் இல்லை, நடுவர் கொடுக்கும் தீர்ப்பு. கிரிக்கெட்டில் மீளாய்வு முறை 2008 இல் முதன்முதல் பரீட்சிக்கப்பட்டது நம் நாட்டில், இந்தியாவுக்கு எதிரான தொடரில். பந்து விக்கெட்டின் ஓரத்தை மட்டும் தொடுகிறது என்று திரை காட்டினால் "அம்பயர்ஸ் கோல்" என்பார்கள்: கருவியால் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் களத்தில் நின்றவர் சொன்னதே நிற்கும். 1904 இலிருந்து நடக்கும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரிக் கிரிக்கெட் பெரும்போரை மைதானத்தில் பார்த்தவர்களுக்கு, நடுவர் விரல் தூக்கினால் அதற்கு மேல் பேச்சில்லை என்பது சொல்லித்தரத் தேவையில்லை. "யுவர் கோல்" என்று ஒருவர் சொன்னால் அந்த விரலை உங்களிடம் கொடுக்கிறார்.

தொனியைக் கவனியுங்கள். "இட்ஸ் என்டையர்லி அப் டு யூ" மனமாரச் சொல்வது. வெறும் "அப் டு யூ" என்று வெட்டிச் சொன்னால் எனக்கு அக்கறையில்லை என்று கேட்கும். "சூட் யுவர்செல்ஃப்" இன்னும் ஒரு படி கீழே: என் பேச்சைக் கேட்கவில்லை, என்னவாவது செய் என்பது. பெரியவர்களிடம் அதைச் சொல்லவே வேண்டாம். "இட்ஸ் டவுன் டு யூ" என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் பொறுப்பும் உங்களுடையது, பிழைத்தால் பழியும் உங்களுடையது.

"லெட்" என்ற சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. "ஐ வில் லெட் யூ டிசைட்" என்றால் முடிவெடுக்க நான் உன்னை விடுகிறேன் என்பது. விடுகிறவர் நாளைக்குத் திரும்பவும் எடுக்கலாம். அதிகாரம் அவரிடமே இருக்கிறது. "தட்ஸ் ஃபோர் யூ டு டிசைட்" என்றால் அது தொடக்கத்திலிருந்தே உங்களுடையது என்று ஏற்றுக்கொள்வது. மாமாவிடமோ அதிகாரியிடமோ பேசும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள். "ஐ டிஃபேர் டு யூ" இன்னும் பணிவு: என் கருத்து எனக்கு இருக்கிறது, ஆனால் உங்கள் முடிவுக்கு வழிவிடுகிறேன். நம் வீடுகளில் "நீங்கள் சொன்னால் சரி" என்று சொல்லும் அதே குரல்.

கேள்வி வடிவில் வரும் கட்டளைதான் வேலைக்குப் போகும் பிள்ளைகளை விழுத்துவது. மேலாளர் "டூ யூ வொன்ட் டு டேக் திஸ் வன்?" என்று கேட்டால், விருப்பமா என்று கேட்கவில்லை, இதை நீர் செய்யும் என்கிறார். "யூ மைட் வொன்ட் டு செக் த ஃபிகர்ஸ்" என்றால் கணக்கில் பிழை இருக்கிறது, பாரும். "ஐட் ராதர் யூ டிடின்ட்" என்றால் செய்ய வேண்டாம், அவ்வளவு உறுதியாக. நான் இழந்த உதவித்தொகைக் கடிதத்தின் அண்ணன் தம்பிகள் இவை.

"ஹேவ் அ சே" என்றால் கருத்துச் சொல்ல இடமுண்டு. "ஹேவ் த ஃபைனல் சே" என்றால் கடைசிச் சொல் உங்களுடையது. நடுவில் "ஃபைனல்" இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: நீங்கள் எழுதும்போது

முடிவு யாருடையது என்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "குட் யூ டெல் மீ ஹூ வில் மேக் த ஃபைனல் டிசிஷன், அண்ட் பை வென்?" இந்த ஒரு வரி பல மாத அலைச்சலை மிச்சமாக்கும். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்றால் "பிளீஸ் டூ நொட் புரொசீட் வித்தவுட் மை ரிட்டன் கன்சென்ட்" என்று எழுதுங்கள். கேட்டால் போதும், தடுக்கும் எண்ணம் இல்லை என்றால் "ஐ வுட் லைக் டு பி கொன்சல்டட்" போதும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டுப் பிறகு "நான் சம்மதிக்கவில்லையே" என்று சொல்ல முடியாது.

பழகுவதற்கு ஒரு வாக்கியம் தருகிறேன். "த கமிட்டி மே, இன் இட்ஸ் டிஸ்கிரெஷன் அண்ட் சப்ஜெக்ட் டு த அப்ரூவல் ஒஃப் த டிரெக்டர், எக்ஸ்டெண்ட் த குளோசிங் டேட்." விண்ணப்ப முடிவுத் திகதி நாளைக்கு, உங்களுக்கு ஒரு வாரம் தேவை. "மே"க்கு முன்னால் குழு. ஆகவே நீடிப்பதா என்பதைத் தொடங்குவது குழு, அதுவும் தற்றுணிபு, கட்டாயம் இல்லை. பணிப்பாளர் தடுக்கலாம், ஆனால் குழு அசையாவிட்டால் அவரால் தானாக நீடிக்க முடியாது. தெரிந்த ஆள் என்று பணிப்பாளர் வீட்டு வாசலில் போய் நிற்பதில் பயனில்லை. கடிதத்தைக் குழுவின் செயலாளருக்கு எழுதி, பிரதியைப் பணிப்பாளருக்குப் போட்டு, இன்றைக்கே அனுப்புங்கள்.